ரெய்டு படுத்துவிட்டால்

தீர்த்தமலை அடிவாரத்தில் ஒரு ஸ்டுடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்யாணம், காதுகுத்து, மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில் திருவிழா, சுற்றுவட்டாரத்து நடுகற்களின் படங்கள் என்று பல வருட வேலை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேர்ந்திருக்கிறது. நான்கு ஹார்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 4 டிபி, மென்பொருள் ரெய்டு 5. முந்தின ராத்திரி கோடை இடியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் மெஷினைப் போட்டால் ஃபோல்டர் காலி. ரெய்டின் நிலையைப் பார்த்தால் 'எம்டி127, இன்ஆக்டிவ்' என்று நிற்கிறது.

அரூர் 16 கிலோமீட்டர். அங்கே கேபிள் கிடைக்கும், புது டிஸ்க் கிடைக்கும். டிஸ்க்கைத் தூசியில்லா அறையில் திறந்து பார்க்கும் லேப் வேண்டுமென்றால் பெங்களூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும். ஆனால் நின்றுபோகும் ரெய்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த லேப் தேவைப்படாது. ரெய்டு நின்ற நிமிடத்தில் உங்கள் தரவு அநேகமாக அப்படியேதான் டிஸ்க்குகளில் இருக்கிறது. அதை அழிப்பது பிறகு பதற்றத்தில் அடிக்கப்படும் கட்டளைகள். ஆகவே மூல டிஸ்க்குகளில் ஒரு பைட்டும் எழுதாமல் கோப்புகளை வெளியே எடுக்கும் வழியைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது.

கட்டளைகளின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். எந்தச் சுவிட்சையும் அடிக்கும் முன் அதன் மேன் பக்கத்தைத் திறந்து எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். ரெய்டுக்கான முதன்மைக் கட்டளை எம்டிஏடிஎம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் எழுதியது. உபுண்டு, டெபியன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாவற்றிலும் இதே கட்டளைதான்.

முதல் ஒரு மணி நேரம்

டிஸ்க்குகளுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். 'டக் டக்' என்று ஒரே இடைவெளியில் சத்தம் வந்தாலோ, டிஸ்க் சுழலத் திணறினாலோ உடனே பவரை நிறுத்திவிடுங்கள். அந்த டிஸ்க் இனி லேபுக்குப் போக வேண்டியது. வீட்டில் திறந்து பார்ப்பது, ஃப்ரீசரில் வைப்பது எதுவும் வேண்டாம். இடி இறங்கிச் சர்க்யூட் போர்டு கருகியிருந்தால், அதே மாடல் டிஸ்க்கின் போர்டைக் கழற்றி மாட்டினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பில் பதிந்திருக்கும். அந்தச் சிப்பையும் சேர்த்து மாற்றத் தெரிந்தவர் கையில்தான் அந்த வேலை நடக்க வேண்டும்.

சத்தம் இயல்பாக இருந்தால், அணைப்பதற்கு முன்னால் நிலைமையைப் பதிவு செய்யுங்கள். ஒரு பென் டிரைவில் மூன்று விஷயங்கள்: ப்ராக் கோப்பகத்தில் உள்ள எம்டிஸ்டாட் காட்டுவது, கெர்னல் செய்திகளைத் தரும் டிமெஸ்க்கின் முழு வெளியீடு, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எம்டிஏடிஎம்-எக்ஸாமின் தருவது. எக்ஸாமின் படிக்க மட்டும் செய்யும், எதையும் மாற்றாது. மூன்றாவதுதான் உங்கள் உயிர்நாடி. பின்னால் எது கைதவறினாலும் ரெய்டைத் திரும்பக் கட்டத் தேவையான எண்கள் அதில் இருக்கும்.

பிறகு டிஸ்க்குகளின் சீரியல் எண்களைக் குறித்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் அ, ஆ, இ, ஈ என்று எழுதுங்கள். எஸ்டிஏ, எஸ்டிபி என்று லினக்ஸ் வைக்கும் பெயர் மெஷினைத் திரும்பப் போடும்போது மாறிவிடலாம். சீரியல் எண் மாறாது.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது, டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் மெஷினில் மாட்டுவது. நம் ஊர்களில் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துப்போனால் முதலில் நடப்பது இதுதான். லினக்ஸ் ரெய்டு டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் தெரியாது. 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கேட்கும். பார்ட்டிஷன் போடாமல் முழு டிஸ்க்கையே ரெய்டில் சேர்த்திருந்தால், எம்டிஏடிஎம் ரெய்டின் விவரங்களைப் பதிந்து வைக்கும் சூப்பர்பிளாக் டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்கார்ந்திருக்கும். புது ஜிபிடி பார்ட்டிஷன் அட்டவணையோ முதல் 17 கேபியைப் பிடித்துக்கொள்ளும். 'ஓகே' என்று ஒரு கிளிக் போட்டால் ரெய்டின் அடையாளமே போய்விடும். சில மதர்போர்டுகள் பயாஸ் மட்டத்திலேயே தாமாக ஜிபிடி அட்டவணையை 'சரிசெய்து' இதே காரியத்தைச் செய்வதும் உண்டு. ரெய்டு கட்டும்போதே பார்ட்டிஷன் போட்டு அதைச் சேர்ப்பது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

விழுந்த டிஸ்க்கை எம்டிஏடிஎம்-ஆட் கொடுத்துத் திரும்பச் சேர்ப்பதும் கூடாது. ஆட் கொடுத்தால் அந்த டிஸ்க் 'ஸ்பேர்' என்று பதிவாகி, அது ரெய்டில் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்ற தகவல் அழிந்துவிடக்கூடும். கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டுவதும் இப்போது கூடாது. எம்டிஏடிஎம்-க்ரியேட் பக்கமே போகக்கூடாது. அதற்குத் தனியாக வருகிறேன்.

சூப்பர்பிளாக் சொல்வதைப் படித்தல்

ரெய்டு என்ற கருத்துக்குப் பெயர் கொடுத்தது 1988இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. அதில் வரும் ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. நான்கில் இரண்டு டிஸ்க் ஒரே ராத்திரியில் செத்துவிட்டதா என்று பயப்படாதீர்கள். அப்படி நடப்பது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு: மூன்று மாதத்துக்கு முன் ஒரு டிஸ்க் சத்தமில்லாமல் விலகியிருக்கும். மூன்று டிஸ்க்கில் எல்லாம் ஓடியதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நேற்று ராத்திரி போனது இரண்டாவது.

எக்ஸாமின் வெளியீட்டில் 'ஈவென்ட்ஸ்' என்ற எண்ணைப் பாருங்கள். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் இது ஏறும். விலகிவிட்ட டிஸ்க்கில் மட்டும் அப்படியே நின்றுபோகும். நம் ஸ்டுடியோவில் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: அ 48211, ஆ 48211, இ 48207, ஈ 31902. இங்கேயே முழுக் கதையும் இருக்கிறது. 'ஈ' எப்போதோ போனது. 'இ' நேற்று போனது, நான்கே எண் பின்தங்கியிருக்கிறது. 'அப்டேட் டைம்' என்ற வரியில் தேதியும் நேரமும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆகவே திரும்பச் சேர்க்க வேண்டியது அ, ஆ, இ. 'ஈ'யை ஒதுக்கி வையுங்கள், தூக்கிப்போடாதீர்கள். மூன்று மாதம் பழைய தரவை மற்றவற்றோடு கலந்தால் கோப்பு முறைமை குழம்பிப்போகும். ஆனாலும் 'ஈ'க்கு ஒரு வேலை பின்னால் இருக்கிறது.

அதே வெளியீட்டிலிருந்து டிவைஸ் ரோல், சங்க் அளவு (ஒவ்வொரு டிஸ்க்கிலும் தொடர்ச்சியாக எழுதப்படும் துண்டின் அளவு), லேஅவுட், டேட்டா ஆஃப்செட், மெட்டாடேட்டா பதிப்பு ஆகிய ஐந்தையும் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதத்துக்குக் கரண்ட் தேவையில்லை.

டிஸ்க் ஏன் வெளியே போனது

'ரெய்டிலிருந்து விழுந்த டிஸ்க் செத்த டிஸ்க்' என்ற முடிவுக்கு வரும் முன் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் அதன் ஸ்மார்ட் பதிவைப் படியுங்கள். 5 (ஒதுக்கி மாற்றப்பட்ட செக்டர்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் இருக்கும் செக்டர்), 198, 199 என்ற நான்கு வரிகள் போதும். 199 மட்டும் உயர்ந்திருந்து மற்றவை பூஜ்யமாக இருந்தால் குற்றவாளி அநேகமாக சாட்டா கேபிள். டிஸ்க்கில் குறையில்லை. கேபிளை மாற்றுங்கள், பவர் கனெக்டரையும் அழுத்திப் பாருங்கள். தீர்த்தமலையில் மேக்னடைட் இரும்புத் தாது உண்டு என்பதால் அந்தக் காந்தம் டிஸ்க்கைக் கெடுக்குமோ என்ற அச்சம் வேண்டாம். பாறையில் இருக்கும் காந்தப்புலம் அதற்குப் பல மடங்கு வலுவற்றது. இங்கே டிஸ்க்குக்கு எதிரி மின்னலும் வோல்டேஜும்தான்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாதது, ஆனால் மிகப் பரவலானது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க், கெட்ட செக்டரைப் படிக்க நேர்ந்தால் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கூட விடாமல் முயலும். லினக்ஸ் கெர்னலோ இயல்பாக 30 விநாடிதான் காத்திருக்கும். பதில் வராவிட்டால் இணைப்பையே மீட்டமைக்கும். கெர்னலில் ரெய்டை நடத்தும் பகுதியான எம்டி, மற்ற டிஸ்க்குகளிலிருந்து கணக்குப் போட்டு அந்தச் செக்டரைத் திரும்ப எழுதிச் சரிசெய்யப் பார்க்கும். டிஸ்க் இன்னும் பழைய முயற்சியிலேயே மாட்டிக்கொண்டிருப்பதால் எழுதவும் முடியாது. உடனே டிஸ்க் ரெய்டிலிருந்து வெளியேற்றப்படும். ஒரே ஒரு கெட்ட செக்டருக்காக 4 டிபி டிஸ்க் போய்விட்டது.

ரெய்டுக்கென்று விற்கப்படும் டிஸ்க்குகளில் இந்த முயற்சி 7 விநாடியில் நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் டிஸ்க்கில் அந்த வசதி இருந்தால் ஸ்மார்ட்சிடிஎல்லின் எஸ்சிடிஇஆர்சி சுவிட்சுக்கு 70, 70 என்று கொடுங்கள் (கணக்கு விநாடியின் பத்தில் ஒரு பங்கில்). வசதி இல்லாவிட்டால் சிஸ் கோப்பகத்தில் அந்த டிஸ்க்கின் 'டைம்அவுட்' மதிப்பை 180 ஆக்குங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் மெஷினை அணைத்தால் போய்விடும்; ஒவ்வொரு பூட்டிலும் ஓடும் ஸ்கிரிப்டில் போட வேண்டும். மீட்பு வேலை தொடங்கும் முன் எல்லா டிஸ்க்குக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

நகல் எடுத்தல்

197இல் எண் இருந்தால் அந்த டிஸ்க்கை வைத்துக்கொண்டு ரெய்டைக் கட்ட முயலாதீர்கள். முதலில் அதைப் புது டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். கைக்காசு அனுமதித்தால் மூன்று டிஸ்க்குக்கும் எடுங்கள். முடியாவிட்டால் பழுதான 'இ'க்காவது எடுக்க வேண்டும். இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்லும் எந்த யோசனையையும் நான் ஏற்க மாட்டேன்.

நகலுக்கு அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய குனு டிடிரெஸ்க்யூ. டெபியனிலும் உபுண்டுவிலும் தொகுப்பின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கட்டளை டிடிரெஸ்க்யூ. சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லைவ் லினக்ஸைப் பென் டிரைவில் போட்டு வைத்திருந்தால் எம்டிஏடிஎம்மும் இதுவும் அதிலேயே கிடைக்கும். லைவ் லினக்ஸ் ஏறியதும் அது தானாக ரெய்டைச் சேர்த்துவிட்டதா என்று எம்டிஸ்டாட்டைப் பார்த்து, சேர்த்திருந்தால் எம்டிஏடிஎம்-ஸ்டாப் கொடுங்கள்.

டிடிரெஸ்க்யூவுக்கு மூன்று பெயர் தர வேண்டும்: மூல டிஸ்க், புது டிஸ்க், மேப் கோப்பு. முதல் இரண்டும் இடம் மாறினால் காலி டிஸ்க் உங்கள் தரவின் மேல் நகலாகும். என்டர் அடிக்கும் முன் சீரியல் எண்ணைப் பாருங்கள், பக்கத்தில் ஒருவரை வைத்து அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைச் சுரண்டாமல் தாண்டிப்போகச் சொல்லும் 'என்' சுவிட்ச். நல்ல பகுதி எல்லாம் முதலில் பத்திரமாகிவிடும். இரண்டாம் சுற்றில் அதே மேப் கோப்போடு 'டி', 'ஆர்3' சுவிட்சுகள், விட்டுப்போனவற்றை மூன்று தடவை முயல.

விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி நகலாக ஏழரை மணி நேரம் ஆகும். பழுதான டிஸ்க்குக்கு நாள் கணக்கிலும் ஆகலாம். நடுவில் கரண்ட் போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதியில் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் அணைந்துவிடக்கூடும். எப்படி நின்றாலும் மேப் கோப்பு இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால்தான் மேப் கோப்பை லைவ் லினக்ஸின் நினைவகத்தில் வைக்காமல் வேறொரு பென் டிரைவில் வைக்கச் சொல்கிறேன். நினைவகத்தில் வைத்தது கரண்ட்டோடு போய்விடும்.

டிஸ்க்கைத் தொடாமல் பரிசோதனை

எம்டிஏடிஎம்-அசெம்பிளுக்கு ஃபோர்ஸ் சுவிட்ச் கொடுத்து ரெய்டைச் சேர்த்தால் சூப்பர்பிளாக்குகள் திருத்தி எழுதப்படும். எஃப்எஸ்சிகே ஓட்டினால் கோப்பு முறைமையே மாறும். முயற்சி தவறாகிவிட்டால் திரும்பி வரப் பாதை வேண்டும். லினக்ஸில் அதற்கான ஏற்பாடு டிஎம்செட்டப்பின் ஸ்னாப்ஷாட். வரைபடத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்துக் கோடு போடுவதைப் போல, டிஸ்க்குக்கு மேல் ஒரு அடுக்கை விரிக்கிறோம். படிப்பது டிஸ்க்கிலிருந்து, எழுதுவதெல்லாம் அடுக்கில்.

செய்முறை ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒன்றுதான். முதலில் பிளாக்டெவ் கட்டளையின் செட்ஆர்ஓ சுவிட்சால் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று பூட்டுங்கள். அதே கட்டளையின் கெட்எஸ்இசட் சுவிட்ச் டிஸ்க்கின் அளவைச் செக்டரில் தரும், குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ட்ரன்கேட் கட்டளையால் 4 டிபி அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை உண்டாக்குங்கள். அளவு 4 டிபி என்று காட்டினாலும் எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும்; 100 ஜிபி காலி இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். லோசெட்டப்பால் அந்தக் கோப்பை லூப் சாதனமாக்குங்கள். கடைசியாக டிஎம்செட்டப்-க்ரியேட்: அதற்குத் தரும் வரியில் வரிசையாகப் பூஜ்யம், செக்டர் எண்ணிக்கை, 'ஸ்னாப்ஷாட்' என்ற சொல், டிஸ்க், லூப், பெரிய 'பி', 8. மேப்பர் கோப்பகத்தில் புதுப் பெயரில் ஒரு சாதனம் தோன்றும். இனி உங்கள் கட்டளைகள் எல்லாம் அந்தப் பெயருக்குத்தான்.

முயற்சி பிசகினால் ரெய்டை நிறுத்தி, மேப்பர் சாதனங்களை நீக்கி, வெற்றுக் கோப்புகளை அழித்துப் புதிதாக உண்டாக்குங்கள். டிஸ்க் பழையபடி இருக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டால் ஸ்னாப்ஷாட் செல்லாததாகிவிடும், மூல டிஸ்க்குக்குப் பாதிப்பு இல்லை, முயற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபோர்ஸ்

எம்டிஏடிஎம்-அசெம்பிள், ஃபோர்ஸ் சுவிட்சோடு, அ, ஆ, இ மூன்றின் மேப்பர் பெயர்களையும் கையால் எழுதிக் கொடுங்கள். 'ஸ்கேன்' கொடுத்து அதையே தேட விடாதீர்கள். 'ஈ'யையும் மூல டிஸ்க்குகளையும் கண்டுபிடித்து இழுத்துக்கொள்ளும். 48207க்கும் 48211க்கும் உள்ள வித்தியாசத்தை ஃபோர்ஸ் மன்னித்துவிடும். மூன்று டிஸ்க்கில் ரெய்டு எழுந்து நிற்கும். எம்டிஸ்டாட்டில் நான்கு இடங்களில் மூன்றில் 'யூ', ஒன்றில் கோடு.

முதலில் எஃப்எஸ்சிகேயை 'என்' சுவிட்சோடு ஓட்டுங்கள். பிழைகளைச் சொல்லும், எதையும் திருத்தாது. ஒன்றிரண்டு பிழை, ஜர்னல் மீளவில்லை என்ற செய்தி போன்றவை இயல்பு. ஆயிரக்கணக்கில் பிழை கொட்டினால் டிஸ்க் வரிசையோ வேறெதுவோ தவறு, அங்கேயே நிறுத்துங்கள். பிறகு படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்யுங்கள். இஎக்ஸ்டி4 என்றால் 'நோலோட்', எக்ஸ்எஃப்எஸ் என்றால் 'நோரிகவரி' சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மவுண்ட் ஆகிவிட்டால் சரியாகச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டாட வேண்டாம். சங்க் 512 கேபி என்றால், கோப்பு முறைமையின் தலைப்பும் முதல் கோப்பகமும் முதல் சங்குக்குள்ளேயே இருக்கக்கூடும். மற்ற டிஸ்க்குகள் இடம் மாறியிருந்தாலும் ஃபோல்டர் பெயர்கள் அழகாகத் தெரியும். சின்ன டெக்ஸ்ட் கோப்பு திறந்தாலும் அது எதையும் நிரூபிக்காது. நான்கு டிஸ்க் ரெய்டு 5இல் ஒரு வரிசைக்கு மூன்று சங்க், அதாவது 1.5 எம்பி தரவு. அதைவிடப் பல மடங்கு பெரிய கோப்புதான் எல்லா டிஸ்க்கையும் தொட்டுப் போகும். கேமராவின் 25 எம்பி ரா படம் ஒன்றை முழு அளவில் திறந்து பாருங்கள். பட்டை பட்டையாகச் சாம்பல் நிறமோ இடம் மாறிய துண்டுகளோ இல்லாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஒரு கல்யாண வீடியோவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். வெவ்வேறு வருடங்களிலிருந்து ஐந்தாறு கோப்புகளையாவது இப்படிச் சோதிக்க வேண்டும்.

சரியாக இருந்தால் உடனே கோப்புகளை வெளியே நகலெடுங்கள். புது டிஸ்க்கைச் சேர்த்து ரெய்டை மறுபடி முழுமையாக்கும் வேலையை இப்போது தொடங்காதீர்கள். மறுகட்டுமானம் 12 டிபியையும் ஒரு செக்டர் விடாமல் படிக்கும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில் 12.5 டிபிக்கு ஒரு படிப்புப் பிழை வரலாம் என்றுதான் போட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே இருக்கின்றன என்றாலும், இரண்டு டிஸ்க் தடுமாறிய ரெய்டில் அந்தப் பந்தயம் கட்ட வேண்டியதில்லை. முக்கியமானதை முதலில்: திரும்ப எடுக்கவே முடியாத படங்கள், வாடிக்கையாளருக்கு இன்னும் கொடுக்காத வேலை, பிறகு மற்றவை.

ஒதுக்கி வைத்த 'ஈ'

'இ'யை நகலெடுக்கும்போது சில செக்டர்கள் வராமலே போயிருந்தால், நகலில் அந்த இடங்கள் பூஜ்யமாக இருக்கும். ரெய்டுக்கு அது தெரியாது. பூஜ்யத்தை உண்மைத் தரவு என்றே நம்பும். எந்தக் கோப்புகள் கெட்டன என்று கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூவின் ஃபில் வசதி உதவும்: மேப் கோப்பைப் பார்த்து, வராத செக்டர்களில் மட்டும் நீங்கள் தரும் ஓர் அடையாளச் சொல்லை நகலில் நிரப்பும். பிறகு கோப்புகளில் கிரெப் கட்டளையால் அந்தச் சொல்லைத் தேடினால் கெட்டவை பல அகப்படும். எல்லாமே அகப்பட்டுவிடாது. இல்லாத நான்காவது டிஸ்க்கின் தரவை மற்ற மூன்றையும் வைத்துக் கணக்கிடும் இடங்களில் அடையாளச் சொல்லும் கணக்கில் கரைந்து உருத்தெரியாமல் போகும். அப்படிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

இங்கே 'ஈ' கைகொடுக்கும். மூன்று மாதத்துக்கு முன் விலகிய டிஸ்க் அது. ஆனால் ஐந்து வருடம் முன்பு எடுத்த திருவிழா வீடியோ அதற்குப் பிறகு மாறவேயில்லை. அந்த வீடியோ கிடக்கும் வரிசைகளில், பிறகு எதுவும் எழுதப்படாத வரை, 'ஈ'யின் தரவு இன்றும் மற்ற டிஸ்க்குகளோடு பொருந்தும். ஆகவே புது அடுக்குகளை விரித்து, இந்தத் தடவை அ, ஆ, ஈ மூன்றை ஃபோர்ஸோடு சேர்த்து, படிக்க மட்டும் மவுண்ட் செய்து, கெட்டுப்போன அந்தப் பழைய கோப்புகளை மட்டும் எடுங்கள். எஃப்எஸ்சிகே பிழை நிறையச் சொல்லும், சொல்லட்டும். கடந்த மூன்று மாதத்தில் மாறிய எதையும் இந்தச் சேர்க்கையிலிருந்து எடுக்காதீர்கள். விலகிய பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்துவிடுபவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

க்ரியேட், கடைசியில் மட்டும்

எம்டிஏடிஎம்-க்ரியேட் கொடுத்தால் பழைய ரெய்டு திரும்ப வரும் என்ற யோசனையைப் பலர் சொல்வார்கள். க்ரியேட் பழையதைத் தேடுவதில்லை. புதிய ரெய்டு ஒன்றைக் கட்டுகிறது. ரெய்டு 5 என்றால் கடைசி டிஸ்க்கை ஸ்பேராக வைத்து மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு அதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். வரிசை தவறாக இருந்தால் ஒரு டிஸ்க் முழுக்கக் குப்பை.

எழுதுவதைத் தடுக்க 'அஸ்யூம்-க்ளீன்' சுவிட்சும், இல்லாத டிஸ்க்கின் இடத்தில் 'மிஸ்ஸிங்' என்ற சொல்லும் கொடுக்கலாம். ஆனாலும் இயல்பு மதிப்புகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கின்றன. எம்டிஏடிஎம் 3.1க்கு முன் இயல்பான சங்க் 64 கேபி, பிறகு 512 கேபி. டேட்டா ஆஃப்செட் ஒரு காலத்தில் 2048 செக்டர், அதாவது 1 எம்பி. பின்னால் வந்த பதிப்புகளில் 262144 செக்டர், 128 எம்பி. பழைய ரெய்டைப் புதுப் பதிப்பால் க்ரியேட் செய்தால் தரவு 127 எம்பி தள்ளித் தேடப்படும். காகிதத்தில் எழுதி வைத்த ஐந்து விவரங்கள் இங்கேதான் வேலைக்கு வரும். எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும்.

க்ரியேட் உண்மையிலேயே தேவைப்பட்ட நேரமும் இருந்தது. 2012இல் உபுண்டு 12.04 உட்படச் சில வெளியீடுகளின் கெர்னலில், மெஷினை அணைக்கும்போது சூப்பர்பிளாக்கில் ரெய்டு வகையும் டிஸ்க் எண்ணிக்கையும் அழிந்துபோகும் பிழை நுழைந்துவிட்டது. தரவு அப்படியே இருந்தது, அதைச் சேர்க்கும் தகவல்தான் போயிற்று. அப்போது நீல் பிரவுனே க்ரியேட் வழியை விளக்கினார். சூப்பர்பிளாக் விண்டோஸால் அழிந்தவர்களுக்கும் இதுவே வழி. அடுக்குகளின் மேல்தான், ஒருபோதும் டிஸ்க்கின் மேல் அல்ல. வரிசை தெரியாவிட்டால் நான்கு இடங்களுக்கு 24 வரிசை. ஒவ்வொன்றாகச் செய்து பெரிய கோப்பைத் திறந்து பார்க்கலாம்.

இந்தக் கட்டத்தில் தனியாக உட்கார்ந்து அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். விழுப்புரத்தின் விஜிஎல்யூஜி, சென்னையின் ஐஎல்யூஜிசி போன்ற லினக்ஸ் பயனர் குழுக்களில் கேளுங்கள். கேட்கும்போது எக்ஸாமின், ஸ்மார்ட்சிடிஎல் வெளியீடுகளை முழுதாகக் கொடுங்கள், இதுவரை அடித்த கட்டளைகளை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

கோப்புகள் வெளியே வந்த பிறகு

பழைய ரெய்டைக் கலைப்பதற்கு முன் ஒரு மாதமாவது டிஸ்க்குகளை அப்படியே வைத்திருங்கள். விட்டுப்போன கோப்பு ஒன்று அதற்குள் நினைவுக்கு வரும். புது ரெய்டுக்கு 4 டிபி டிஸ்க் நான்கு என்றால் ரெய்டு 6 அல்லது ரெய்டு 10 என்பது என் கருத்து. இடம் 12இலிருந்து 8 டிபியாகக் குறையும், குறையட்டும். டிஸ்க் வாங்கும்போது, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை இல்லை என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாடல்கள் அறிவிப்பில்லாமல் எஸ்எம்ஆராக வந்து, மறுகட்டுமானத்தின்போது ரெய்டிலிருந்து விழுந்தது பெரிய சர்ச்சையாயிற்று. இரண்டாவது பிரதி ஒன்று அரூரிலோ தருமபுரியிலோ உறவினர் வீட்டில் இருக்கட்டும். ஒரே இடி இரண்டையும் தொடக்கூடாது.

டெபியனும் உபுண்டுவும் மாதத்தின் முதல் ஞாயிறன்று ரெய்டு முழுவதையும் படித்துச் சோதிக்கும். ராத்திரியில் மெஷினை அணைத்துவிடும் கடைகளில் இது ஓடாமலே போகும்; சிங்க்-ஆக்‌ஷன் கோப்பில் 'செக்' என்று எழுதி, மாதம் ஒருமுறை நீங்களே தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் டிஸ்க் விழுந்த அன்றே உங்களுக்குத் தெரிய வேண்டும். எம்டிஏடிஎம் கண்காணிப்பு, அமைப்புக் கோப்பின் மெயில்ஏடிடிஆர் வரியில் உள்ள முகவரிக்கு அஞ்சல் அனுப்பும். ஸ்டுடியோ மெஷினில் அஞ்சல் அனுப்பும் ஏற்பாடு இருப்பது அரிது, அஞ்சல் எங்கேயும் போகாது. அதே கோப்பின் 'ப்ரோக்ராம்' வரியில் ஒரு சிறு ஸ்கிரிப்டைக் கொடுங்கள்: டெலிகிராமில் செய்தி அனுப்பலாம், ஸ்பீக்கரில் சத்தமாக ஒலி எழுப்பலாம், டெஸ்க்டாப்பில் சிவப்பு அறிவிப்பு காட்டலாம். வைத்ததும் எம்டிஏடிஎம்-மானிட்டரை 'ஸ்கேன்', 'டெஸ்ட்', 'ஒன்ஷாட்' சுவிட்சுகளோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு சோதனை எச்சரிக்கை உடனே கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.